பக்கவாதத்துக்குப் பின் நடை மீள்வது: கொள்கைகளும் சான்றுகளும்

பக்கவாதத்தில் விழுந்த கால் மறுபடி நடக்கத் தொடங்கினால் அதைச் செய்தது சிகிச்சையா, காலமா என்ற கேள்வி இயன்முறை மருத்துவத்தில் தொடக்கம் முதலே இருந்துவருகிறது. விடை எளிதில் பிடிபடாததற்குக் காரணம் உண்டு. பலருக்கு நடை ஓரளவு திரும்பத்தான் செய்கிறது. அந்த வாரங்களில் என்ன சிகிச்சை கொடுத்திருந்தாலும், அது அந்த முன்னேற்றத்துக்கு உரிமை கொண்டாடிவிட முடியும்.

1995இல் வெளியான கோபன்ஹேகன் பக்கவாத ஆய்வு 804 நோயாளிகளின் நடையைப் பின்தொடர்ந்தது. மருத்துவமனையில் சேரும்போது 51 விழுக்காட்டினரால் நடக்கவே முடியவில்லை. 12 விழுக்காட்டினருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. 37 விழுக்காட்டினர் தாமாக நடந்தனர். மறுவாழ்வுச் சிகிச்சை முடிந்தபோது 21 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். 50 விழுக்காட்டினர் தாமாகவும் 11 விழுக்காட்டினர் துணையுடனும் நடந்தனர். மீதி 18 விழுக்காட்டினர் நடக்கவில்லை. எட்ட முடிந்த அளவை 95 விழுக்காட்டினர் முதல் 11 வாரங்களுக்குள்ளேயே எட்டியிருந்தனர். இவர்கள் எல்லோருக்கும் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருந்தது என்பதால், அந்த 11 வாரங்களில் உடல் தானாகச் செய்தது எவ்வளவு, பயிற்சி செய்தது எவ்வளவு என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரிக்க முடியாது. ஆனாலும் பின்வந்த வாதங்கள் பலவற்றுக்கு இந்த எண்களே பின்னணி.

நடை எங்கே கெடுகிறது

காலை இயக்கும் பெருமூளைப் பகுதி, இரண்டு அரைக்கோளங்களும் எதிரெதிராக நிற்கும் உட்சுவரில் இருக்கிறது. கைக்கும் முகத்துக்குமான பகுதி வெளிப்புறத்தில். பக்கவாதம் அதிகம் தாக்கும் நடுப்பெருமூளைத் தமனி வெளிப்புறத்துக்கே பெரிதும் இரத்தம் கொண்டுபோவதால், பலருக்குக் கையைவிடக் கால் சேதம் குறைவாக இருக்கும். மூளையின் ஆழத்தில் நரம்பிழைகள் கட்டாகச் சேர்ந்து இறங்கும் இடத்தில் அடைப்போ கசிவோ நேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. உடற்பகுதியையும் இடுப்பையும் நிமிர்த்தி நிறுத்தும் கட்டளைகள் மூளைத்தண்டு வழியாக இரு பக்கமும் இறங்குகின்றன. நடையின் தாளத்தைத் தண்டுவடத்திலுள்ள நரம்புப் பின்னல்கள் ஓரளவு தாமே தாங்குகின்றன. சட்டைப் பித்தானைப் போட விரல்களுக்கு அப்படி ஒரு மாற்றுவழி இல்லை. கை வராதவர்கள்கூட நடந்துவிடுவது இதனால்தான்.

ஆனால் திரும்பி வரும் நடை பழைய நடையாக இருப்பதில்லை. கணுக்காலை மேலே தூக்கும் தசை வலுவிழப்பதால் பாதம் தொங்குகிறது. தொங்கும் பாதம் தரையில் தட்டாமலிருக்க, இடுப்பை ஒரு பக்கம் தூக்கிக் காலை அரைவட்டமாக வீசி முன்னே வைக்கிறார்கள். குதிகாலுக்குப் பதில் விரல்நுனியோ பாதத்தின் வெளிவிளிம்போ முதலில் தரையைத் தொடுகிறது. எடை ஏறும்போது முழங்கால் மடங்கி விழுந்துவிடலாம், அல்லது சடக்கென்று பின்னோக்கி வளைந்து பூட்டிக்கொள்ளலாம். கெட்ட காலில் நிற்கும் நேரத்தைக் குறைக்க நல்ல கால் அவசரப்படுகிறது. கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். ரப்பர் செருப்பானால் நாலடிக்குள் காலைவிட்டுக் கழன்றுபோகும். வார்ச் செருப்பானால் சில மாதங்களில் முன்நுனி மட்டும் தேய்ந்திருக்கும்.

இந்த அரைவட்ட வீச்சு பிழையா, தீர்வா? திருத்த வேண்டியது என்றார்கள் ஒரு தரப்பினர். நோயாளி கண்டுபிடித்துக்கொண்ட வழி, அதை வைத்தே நடக்கட்டும் என்றார்கள் இன்னொரு தரப்பினர். இந்தத் துறையின் எழுபது ஆண்டுச் சர்ச்சையில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்ததே.

இறுக்கத்தை முதலில் அடக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பக்கவாத நோயாளிக்குக் கிடைத்த பயிற்சி பெரும்பாலும் நல்ல பக்கத்தை வலுப்படுத்துவதுதான். இதை மாற்றியவர்களில் முதன்மையானவர்கள் பெர்த்தா பொபாத், கரேல் பொபாத் தம்பதியர். பெர்லினில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த பெர்த்தாவும் மருத்துவரான கரேலும் நாஜிக்களின் கையிலிருந்து தப்பி லண்டன் வந்தவர்கள். 1940களில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஓவியர் சைமன் எல்வெஸுக்குச் சிகிச்சை அளித்தபோது, உடலைச் சில நிலைகளில் வைத்தால் விறைத்த கை தளர்வதை பெர்த்தா கவனித்தார். விறைப்பு மாற்ற முடியாதது என்று கருதப்பட்ட காலம் அது. அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்த முறையைப் பெரியவர்களின் பக்கவாதத்துக்காக அவர் எழுதிய நூல் 1970இல் வந்தது.

மூளையின் மேல்மட்டக் கட்டுப்பாடு போனதும் கீழ்மட்ட அனிச்சைகள் தலைதூக்குகின்றன, தசை இறுக்கம் அதன் அடையாளம், இறுக்கத்தின் மேல் நல்ல அசைவைக் கட்ட முடியாது என்பது பொபாத் கொள்கையின் அடித்தளம். எனவே சிகிச்சையாளர் தம் கைகளால் நோயாளியின் இடுப்பையும் தோளையும் பிடித்து இறுக்கத்தைத் தணித்து, சரியான அசைவின் உணர்வை ஊட்ட வேண்டும். வலிந்து முயல்வது இறுக்கத்தைக் கூட்டும் என்பதால் எடை தூக்குதல் கூடாது. நிற்கும் சமநிலை வராமல் நடக்க வைப்பது தவறான நடையை மூளையில் பதித்துவிடும் என்பதால் அவசரம் கூடாது. கைத்தடி நல்ல பக்கத்தைச் சார்ந்திருக்கப் பழக்கும் என்பதால் அதுவும் முடிந்தவரை கூடாது. நம் வீடுகளில் அக்கறையோடு நோயாளியின் கையில் திணிக்கப்படும் ரப்பர் பந்து இந்தக் கொள்கைப்படி நேர் எதிரான வைத்தியம்.

அதே காலத்தில் வேறு விடைகளும் இருந்தன. பக்கவாதத்துக்குப் பின் தளர்ச்சி, விறைப்பு, கட்டுக்கட்டான கூட்டசைவு, பிறகு தனித்தனி அசைவு என்று ஓர் ஒழுங்கில் மீட்சி நிகழ்வதை ட்விச்செல் 1951இல் விவரித்தார். அதை ஆறு படிகளாக விரித்தவர் சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ரோம். பொபாத் அடக்க நினைத்த கூட்டசைவுகளை இவர் படிக்கட்டாகப் பயன்படுத்தச் சொன்னார். ஹெர்மன் கபாத்தும் மார்கரெட் நாட்டும் அமெரிக்காவில் உருவாக்கிய முறை, மூலைவாட்டமான அசைவுகளுக்கு எதிர்விசை கொடுத்துத் தசையைத் தூண்டியது. மூன்று முறைகளும் ஒரே நோயாளியிடம் மூன்று வெவ்வேறு செயல்களைக் கேட்டன. மூன்றுக்கும் சான்று, அவற்றைச் செய்தவர்களின் அனுபவமே.

பொபாத் முறைதான் ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பயிற்சிக் கல்லூரிகளிலும் வேரூன்றியது. அதன் மேல் வைக்கப்பட்ட முக்கிய மறுப்பு, நடையைக் கெடுப்பது இறுக்கமா, பலவீனமா என்ற கேள்வியிலிருந்து வந்தது. நடைவேகத்தோடு நெருங்கிய தொடர்புடையது காலின் வலிமைதான் என்று அளவீடுகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஆடா, டோர்ஷ், கேனிங் மூவரும் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், எடை தூக்கும் பயிற்சி வலிமையைக் கூட்டியது, இறுக்கத்தைக் கூட்டவில்லை. எடை கூடாது என்ற பழைய தடை இதோடு ஆட்டம் கண்டது.

பொபாத் தரப்பின் பதிலும் கேட்கத்தக்கது. 1970இன் நூலை வைத்து இன்றைய முறையை எடைபோடக் கூடாது, கொள்கை பலமுறை மாறிவிட்டது என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதுவே சிக்கலுமாகிறது. பெயர் ஒன்றாகவும் உள்ளடக்கம் ஆளுக்கு ஒன்றாகவும் இருக்கும் சிகிச்சையைச் சோதிப்பது எப்படி? தோற்ற சோதனை ஒவ்வொன்றும் ‘உண்மையான பொபாத்’ அல்ல என்று சொல்லிவிட முடியுமானால், அந்தக் கொள்கை தவறென்று எந்தச் சோதனையாலும் காட்ட முடியாது.

நடந்தே நடை பழகுதல்

சிட்னியைச் சேர்ந்த ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் இருவரும் 1982இல் வெளியிட்ட நூல் வாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. நரம்பு அனிச்சைகளை விட்டுவிட்டு, மனிதர்கள் ஒரு திறனை எப்படிக் கற்கிறார்கள் என்பதிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். நீச்சலைத் தண்ணீரில்தான் கற்க வேண்டும், நடையை நடந்துதான். படுக்கையில் படுத்தபடி காலை மடக்கி நீட்டும் பயிற்சி அப்படியே நடைக்கு மாறிவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி இந்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பலர் எழ முடியாமல் தவிப்பது காலில் வலு இல்லாததால் மட்டும் அல்ல, பாதம் முழங்காலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதாலும்தான். பாதத்தை முழங்காலுக்குப் பின்னே இழுத்து, உடலை முன்சாய்த்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும் கணத்தில் எழச் சொல்கிறார்கள். முதலில் உயரமான இருக்கை. வாரங்கள் போகப் போக உயரம் குறைகிறது. எடையை நல்ல காலே சுமக்கப் பார்க்கும் என்பதால் அதைச் சற்று முன்னே தள்ளி வைத்துவிட்டால், கெட்ட கால் வேலை செய்தே ஆக வேண்டும். சிகிச்சையாளர் தாங்கிப் பிடிக்கும் நேரத்தைவிட நோயாளி தாமே செய்யும் தடவைகள் அதிகம்.

இரு முறைகளையும் நேருக்கு நேர் வைத்த சோதனை நார்வேயில் நடந்தது. லாங்ஹாமர், ஸ்டாங்ஹெல் இருவரும் 2000இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 61 நோயாளிகள். கார்-ஷெப்பர்ட் முறைக் குழு சராசரியாக 21 நாளில் வீடு திரும்பியது; பொபாத் குழு 34 நாளில். அசைவுத் திறனிலும் முதல் குழு முன்னே நின்றது. ஆனால் ஆண்டுகள் கழித்துப் பின்தொடர்ந்தபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. வென்றது எந்த முறை என்பது, எந்த நாளில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பாய்வு 96 ஆய்வுகளையும் 10,401 நோயாளிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. பயிற்சி இல்லாததைவிடப் பயிற்சி நல்லது. குறிப்பிட்ட எந்த மரபும் மற்றதைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை. பெயர்பெற்ற ஒரே மரபுக்குள் அடைபடாமல், நோயாளிக்கு ஏற்றதை எடுத்துச் செய்யலாம் என்பது அதன் முடிவு. அவ்வாய்வுகளில் பாதிக்கு மேல் சீனாவில் நடந்தவை. வழக்கமான சிகிச்சை என்றால் என்ன என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் இதைக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

பூனையிலிருந்து டிரெட்மில்லுக்கு

தண்டுவடம் மூளையின் உதவியின்றியே நடையின் தாளத்தை எழுப்ப வல்லது என்பதை கிரஹாம் பிரவுன் 1911இல் பூனைகளில் காட்டினார். பல பத்தாண்டுகளுக்குப் பின் மொன்றியலில் பார்போவும் ரொசிஞ்ஞோலும், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட வளர்ந்த பூனைகளுக்கு ஓடும் பட்டையில் பயிற்சி கொடுத்துப் பின்கால்களில் நடையை வரவழைத்தார்கள். அந்த ஆய்வு 1987இல் வந்தது. மனிதருக்கும் இதைச் செய்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான், நோயாளியை வார்ப்பட்டையில் மேலிருந்து தொங்கவிட்டு எடையில் ஒரு பங்கைக் குறைத்து, டிரெட்மில் மேல் நடக்க வைக்கும் முறை. இரண்டு பக்கமும் சிகிச்சையாளர்கள் குந்தி உட்கார்ந்து காலைப் பிடித்துப் பிடித்து முன்னே வைப்பார்கள். முதுகு ஒடிக்கும் வேலை அது. அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்க ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் நடைக் கருவிகள் பிறந்தன. அவற்றில் உலகறிந்தது லோகோமாட்.

1998இல் மொன்றியலில் 100 நோயாளிகளிடம் விசின்டின் குழு செய்த ஆய்வில், வார்ப்பட்டையால் எடையைக் குறைத்துப் பயிற்சி பெற்றவர்கள் குறைக்காமல் பெற்றவர்களைவிட நன்றாக நடந்தனர். பெரிய சோதனை 2011இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பமேலா டன்கன் தலைமையில் 408 பேரை மூன்று குழுவாகச் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதத்தில் டிரெட்மில் பயிற்சி. இன்னொன்றுக்கு ஆறு மாதம் கழித்து அதே பயிற்சி. மூன்றாவதற்கு வீட்டிலேயே சிகிச்சையாளரின் கண்காணிப்பில் வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சி. 90 நிமிடம் வீதம் 36 அமர்வுகள். ஓராண்டு முடிவில் 52 விழுக்காட்டினர் நடையில் ஒரு படி உயர்ந்திருந்தனர். மூன்று குழுவுக்கும் வேறுபாடு இல்லை. தொடக்கத்திலேயே டிரெட்மில் பயிற்சி பெற்றவர்களில் நடை மிகவும் கெட்டிருந்தோர் பலமுறை விழுந்த நிகழ்வுகள்தான் அதிகம்.

இந்த முடிவை டிரெட்மில்லின் தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு. வீட்டுப் பயிற்சியின் வெற்றி என்றும் படிக்கலாம். விலையுயர்ந்த கருவி இல்லாத ஊர்களுக்கு இரண்டாவது வாசிப்பே பயன் தருவது. அதைவிட முக்கியமான ஒன்று பலர் கண்ணில் படவில்லை. ஆறு மாதம் கழித்துப் பயிற்சி தொடங்கிய குழுவும் அதன் பிறகு முன்னேறியது. ஆறு மாதத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லிக் குடும்பத்தாரை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு இது நேரான மறுப்பு.

இயந்திர நடையின் கதை இன்னும் சிக்கலானது. ஏற்கனவே நடக்கக்கூடிய நாள்பட்ட நோயாளிகளிடம், சிகிச்சையாளர் உதவியோடு டிரெட்மில்லில் நடந்தவர்கள் இயந்திரக் காலோடு நடந்தவர்களைவிட அதிகம் முன்னேறியதை ஹார்ன்பி குழு 2008இல் கண்டது. இயந்திரம் காலைத் தானே தூக்கி வைத்துவிடும்போது நோயாளிக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது சொல்லப்படும் விளக்கம். மறுபுறம், மேர்ஹோல்ஸ் குழுவின் கோக்ரேன் தொகுப்புகளின்படி, முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர்கள், இன்னும் நடக்கவே முடியாதவர்கள் ஆகியோருக்கு இயந்திரமும் வழக்கமான சிகிச்சையும் சேர்ந்தால் தாமாக நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. யாருக்கு, எப்போது என்று கேட்காமல் ‘ரோபோ பயன் தருமா’ என்று கேட்பது பயனற்ற கேள்வி.

எத்தனை விரைவில், எத்தனை அடி

மரபுகளின் சண்டை ஓய்ந்த இடத்தில் இரண்டு எளிய கேள்விகள் வந்து உட்கார்ந்தன. எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது.

மெல்போர்னின் ஐந்து பக்கவாதப் பிரிவுகளில் ஜூலி பெர்ன்ஹார்ட் குழு நோயாளிகளின் பகல் பொழுதை நிமிடக் கணக்கில் கவனித்து 2004இல் எழுதியது. நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிந்தது; பயன் தரக்கூடிய செயல்களில் கழிந்தது 13 விழுக்காடு; 60 விழுக்காடு நேரம் தனிமை. எலிகளிடமும் குரங்குகளிடமும் நடந்த ஆய்வுகள், காயத்தை அடுத்த வாரங்களில் மூளை கற்கும் ஆற்றல் மிகுந்திருப்பதைக் காட்டியிருந்தன. எனவே விரைந்து எழுப்பி நடக்க வைத்தால் நல்லது என்று துறை முழுவதும் நம்பியதில் வியப்பில்லை.

அந்த நம்பிக்கையைச் சோதித்த அவெர்ட் ஆய்வு ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 பேரைச் சேர்த்தது. முடிவு 2015இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு குழுவைப் பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, நாளொன்றுக்கு இடைநிலை அளவில் ஆறேழு முறை, மொத்தம் 31 நிமிடம் படுக்கையை விட்டு இறக்கினார்கள். மற்ற குழுவுக்கு வழக்கமான சிகிச்சை, நாளுக்கு 10 நிமிடம். மூன்று மாதம் கழித்துத் தற்சார்போடு இருந்தவர்கள் முதல் குழுவில் 46 விழுக்காடு, இரண்டாவதில் 50. நல்லது என்று செய்தது சற்றே கெடுதலாக முடிந்தது. அதே தரவை மேலும் ஆராய்ந்தபோது, குறுகிய நேரமாக அடிக்கடி எழுப்புவது நல்ல விளைவோடும், ஒரேயடியாக அதிக நேரம் எழுப்புவது மோசமான விளைவோடும் சேர்ந்து வந்தன. வழக்கமான குழுவினரும் சராசரியாக 22 மணி நேரத்தில் எழுப்பப்பட்டிருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. ஒரு வாரம் படுக்கையில் கிடத்திவைப்பதற்கு இந்த ஆய்வில் எந்த ஆதரவும் இல்லை.

அளவு பற்றிய சான்று இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. கேத்தரின் லாங் குழு 2009இல் அமெரிக்க, கனடிய மையங்களில் எண்ணிப் பார்த்தபோது, நடைப் பயிற்சி அமர்வு ஒன்றில் நோயாளி எடுத்து வைத்த அடிகள் சராசரியாக 357. நலமான ஒருவர் சாதாரண நடையில் இதை நான்கு நிமிடத்தில் கடந்துவிடுவார். கூடுதல் பயிற்சி பயன் தருமா என்று குவாக்கெல் குழு 2004இல் தொகுத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதத்தில் குறைந்தது 16 மணி நேரமாவது அதிகம் கொடுத்தால்தான் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது. 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், ஆறு மாதம் கடந்து நடக்கக்கூடியவர்களுக்கு இதயத் துடிப்பு உயரும் அளவுக்கு வேகமான நடைப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. எடை தாங்கும் டிரெட்மில்லையும் நடை இயந்திரத்தையும் அவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. பொபாத் ‘முயற்சி கூடாது’ என்றதிலிருந்து வியர்க்க வியர்க்க நடப்பது வரை, ஐம்பது ஆண்டில் துறை நேர் எதிர்முனைக்கு வந்துவிட்டது. நடையின் அழகைப் பற்றி இந்தப் புதிய தரப்பு அதிகம் கவலைப்படுவதில்லை. வேகமாக நடப்பவரின் நடை தானாகவே சீர்படும் என்பது அவர்கள் வாதம். எல்லோருக்கும் அது பொருந்துமா என்பது உறுதியாகவில்லை. பக்கவாத நோயாளிகள் பலர் இதய நோயாளிகளும் ஆவர் என்பதால் இதைக் கண்காணிப்பின்றிச் செய்யவும் முடியாது.

பக்கத் துணைகள்

தொங்கும் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கணுக்கால் பட்டை, அடியின் நீளத்தையும் வேகத்தையும் உடனே கொஞ்சம் கூட்டுகிறது. அதற்கு மாற்றாக, காலை வீசும் கணத்தில் முழங்காலுக்குக் கீழே நரம்பில் மின்துடிப்பு கொடுத்துப் பாதத்தைத் தூக்கும் கருவியை லிபர்சன் 1961இல் அறிமுகப்படுத்தினார். ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் வேகத்தில் ஏறக்குறைய சமம். பட்டை காலணிக்குள் செருகி அணியும் பொருளாக வடிவமைக்கப்பட்டது. செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலோடு நடமாடும் வீடுகளில் அது பல நேரம் கதவிடுக்கில் சாய்ந்து நிற்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் உணரப்படும் மாய வலிக்குக் கண்ணாடியைப் பயன்படுத்தியது நரம்பியலில் புகழ்பெற்ற செய்தி. நல்ல கையின் பிம்பத்தைக் கெட்ட கையாகக் காட்டும் அந்த உத்தியைப் பக்கவாதக் கைகளில் முயன்ற குறிப்பு 1999இல் லான்செட்டில் வந்தது. காலுக்கும் முயன்றிருக்கிறார்கள். பலன் உண்டு என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. நடைக்கு முதன்மைச் சிகிச்சையாகக் கொள்ளும் அளவுக்கு அவை போதாது. மாத்திரையால் மீட்சியைத் தூண்டும் முயற்சிக்கு நேர்ந்தது இன்னும் தெளிவு. ஃப்ளூக்செடின் உதவும் என்று 2011இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு நம்பிக்கை தந்தது. 3,127 பேரைக் கொண்ட பிரிட்டன் ஆய்வு 2018இல் செயல்திறனில் பலன் இல்லை, எலும்பு முறிவு கூடுகிறது என்று அதை மூடியது.

யார் செய்விப்பது

நாளுக்குப் பலமுறை, பல நூறு அடி என்று சான்று சொல்வதைச் செய்ய ஆள் வேண்டும். இந்தியாவில் சிகிச்சையாளர்கள் நகரங்களில் குவிந்திருக்க, நோயாளியை எழுப்பி நிறுத்துவது மனைவியோ மகளோதான். அப்படியானால் அவர்களுக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டது அட்டெண்ட் ஆய்வு. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள். ஒரு குழுவின் குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலேயே கூடுதல் பயிற்சி தந்து வீட்டில் தொடரச் செய்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள் இரு குழுவிலும் 47 விழுக்காடு.

இதற்கு மூன்று விளக்கங்கள் உலவுகின்றன. சில மணி நேரப் பயிற்சியால் குடும்பத்தார் சிகிச்சையாளர் ஆகிவிட முடியாது என்பது ஒன்று. கொடுக்கப்பட்ட அளவு 16 மணி நேரம் போன்ற வாசலைத் தொடவே இல்லை என்பது மற்றொன்று. சொல்லாமலேயே மற்ற குழுவின் குடும்பத்தாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது மூன்றாவது. இந்தியக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதை ஒதுக்கிவிடத் தோன்றாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வேறு வழியில் போகிறது. குடும்பத்தாரைச் சிகிச்சையாளர் ஆக்காமல், இயன்முறைச் சிகிச்சையாளரையே வீட்டுக்கு அனுப்புகிறது. ஒரு வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வர முடிகிறது என்பதில்தான் அதன் பலன் தங்கியிருக்கும்.

தீராமல் இருப்பவை

யார் நடப்பார் என்று முன்கூட்டிச் சொல்வதில் துறை வெகுதூரம் வந்துவிட்டது. நெதர்லாந்தில் வேர்பேக் குழு 2011இல் காட்டியபடி, முதல் 72 மணி நேரத்துக்குள் பிடிப்பின்றி அரை நிமிடம் உட்காரவும் கெட்ட காலைக் கொஞ்சமாவது அசைக்கவும் முடிந்தவர்கள் ஆறு மாதத்தில் தாமாக நடக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு. இரண்டும் முடியாதவர்களுக்கு 27 விழுக்காடு. ஒன்பதாம் நாளும் அதே நிலை என்றால் 10 விழுக்காடு. அந்த 10 விழுக்காட்டில் சேரப்போகிறவர் யார், அவருக்கு எந்தப் பயிற்சி உதவும் என்பது தெளிவாகவில்லை. சோதனைகளில் பெரும்பாலானவை ஓரளவு நடப்பவர்களையே சேர்த்துக்கொள்வதால், சிகிச்சை அதிகம் தேவைப்படுவோரைப் பற்றிய சான்றே மிகக் குறைவு.

முதல் சில நாட்களுக்குச் சிறுகச் சிறுக என்றும் மாதங்கள் கழிந்தபின் கடுமையாக என்றும் இப்போதைய சான்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே, எந்த வாரத்தில் அளவைக் கூட்டத் தொடங்குவது என்பதற்கு உறுதியான விடை கிடையாது. கோபன்ஹேகனின் 11 வாரங்களும் மூளை மிகுதியாகக் கற்கும் காலமும் இங்கேதான் விழுகின்றன என்பதால் இந்த வெற்றிடம் சிறியதல்ல. பொபாத் எழுப்பிய பழைய கேள்வியும் முழுதாகச் செத்துவிடவில்லை. அரைவட்டமாக வீசி நடக்கும் காலின் முழங்கால் பத்து ஆண்டில் என்ன ஆகிறது என்று பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அரிது. வேகத்தை மட்டும் அளக்கும் சோதனை அதைச் சொல்லாது.

அளவைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாக்குலின் பெர்ரியின் குழு 1995இல் வகுத்த கணக்கில், வினாடிக்கு 0.4 மீட்டருக்குக் குறைவாக நடப்பவர் வீட்டுக்குள் நடப்பவர், 0.8 மீட்டரைத் தாண்டியவர் ஊருக்குள் தாராளமாக நடமாடக்கூடியவர். இந்தக் கணக்குக்கு அடிப்படை, காலணி அணிந்த கால் சமதளத்தில் சில மீட்டர் நடப்பது. அதே அளவையில் 0.8ஐ எட்டிய ஒருவர் குந்தி உட்காரும் கழிப்பறையிலிருந்து எழுவாரா, பந்தியில் தரையில் உட்கார்ந்து எழுவாரா, கையில் பையோடு நகரப் பேருந்தின் உயரமான முதல் படியில் ஏறுவாரா என்பதை அந்த எண் காட்டாது. இவற்றையும் சேர்த்து அளக்கும் கருவி பெரிய சோதனைகளில் இன்னும் இடம்பெறவில்லை. அதுவரை, மேலே சொன்ன சோதனைகளின் விழுக்காடுகளை நம் வீடுகளுக்குப் பொருத்தும்போது கொஞ்சம் கழித்தே பார்க்க வேண்டியிருக்கும்.